மகிமாபூர் மாளிகையும் ஜகத் சேட் மகதாப் ராயும்

பள்ளியில் பிளாசிப் போரைப் படித்தவர் எவரும் ஜகத் சேட் என்னும் பெயரைக் கடந்தே வந்திருப்பர். சிராஜ் உத் தௌலாவுக்கு எதிராகச் சதி செய்தோர் வரிசையில், மீர் ஜாபர், ராய் துர்லப், உமிசந்த் ஆகியோரோடு ஒரே வரியில் அப்பெயர் வந்து மறையும். அவர் ஜைன சமயத்தவர் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. நம்மவர் பேச்சிலும் அவர் பெயர் அடிபடுவது அரிது. கோயில் எடுத்த வள்ளல்களையும் நூல் செய்த முனிவர்களையும் போற்றிப் பேசுவதில் நமக்குள்ள ஆர்வம், இத்தகையோரை எடுத்துப் பேசுவதில் இருப்பதில்லை. ஆயினும் சம்மேத சிகர்ஜிக்கு யாத்திரை சென்று ஒவ்வொரு டோங்காகப் பாதங்களை வணங்கித் திரும்பும் தமிழ்ச் சமணர் ஒவ்வொருவரும் அந்தக் குடும்பம் செய்த பணியின் பயனைத் துய்த்தே வருகின்றனர். அதனால் அவரை அறிந்து கொள்வது நமக்குக் கடமையும் ஆகும்.

ஜகத் சேட் என்பது ஒருவரின் பெயரன்று, பட்டம். உலகத்துக்கு வங்கியர் என்பது அதன் பொருள். மார்வாட நாட்டு நாகூரிலிருந்து 1652-இல் பாட்னாவுக்குப் பிழைக்க வந்த ஹீரானந்த் சாகு என்பவரே இக்குடும்பத்தின் முதல்வர். இவர்கள் ஓஸ்வால் வகுப்பினர், சுவேதாம்பர மரபினர். ஹீரானந்தின் மகன் மாணிக்சந்த் டாக்காவில் கடை நடத்தினார். வங்காளத்தின் திவானாக இருந்த முர்ஷித் குலிகான் 1704-இல் டாக்காவை விட்டுப் பாகீரதிக் கரைக்கு வந்து, பின்னர்த் தன் பெயராலேயே முர்ஷிதாபாத் என வழங்கிய நகரை அமைத்தபோது, மாணிக்சந்தும் உடன் வந்தார். நகருக்குச் சற்று வடக்கே, ஆற்றங்கரையில் மகிமாபூரில் அவர் தம் இல்லத்தை அமைத்துக்கொண்டார். அவர் 1714-இல் மறைந்தபின், மகனாக ஏற்கப்பெற்ற உடன்பிறந்தாள் மகன் பதேசந்த் பொறுப்பேற்றார். 1723-இல் முகலாயப் பேரரசர் முகம்மது ஷா அவருக்கு ஜகத் சேட் பட்டத்தை வழங்கினார்.

பதேசந்தின் மக்கள் இருவரும் தந்தைக்கு முன்னரே காலமாயினர். ஆகவே 1744-இல் அவர் மறைந்தபோது, செல்வமும் சுமையும் பேரர்கள் இருவர் மேல் விழுந்தன. ஒருவர் மகதாப் ராய். மற்றவர் சிறிய தந்தையின் மகன் ஸ்வரூப்சந்த். 1748-இல் பேரரசர் அகமது ஷா மூத்தவருக்கு ஜகத் சேட் என்றும், இளையவருக்கு மகாராஜா என்றும் பட்டம் அளித்தார். வாழ்ந்த காலத்திலும் மாண்ட நாளிலும் இவ்விருவரும் பிரிந்ததில்லை.

இவர்களின் தொழில் இன்னதென்பதை விளங்கிக் கொண்டாலன்றி அம்மாளிகையை விளங்கிக் கொள்ள இயலாது. வங்காளத்தின் நிலவரி முழுதும் இவர்கள் கையினூடே சென்றது. ஆண்டுதோறும் தில்லிக்குச் சேர வேண்டிய ஒரு கோடிக்கு மேற்பட்ட தொகையை வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டியதில்லை. இவர்கள் எழுதித் தரும் உண்டியல் ஓலை ஒன்று போதும். தில்லியில் இவர்களுடைய கிளை அப்பணத்தைச் செலுத்திவிடும். நவாபின் நாணயச்சாலையும் நடைமுறையில் இவர்கள் ஆளுகையிலேயே இருந்தது. அக்காலத்தில் வங்காள சிக்கா ரூபாய் அச்சான ஆண்டில் மட்டுமே முழு மதிப்புப் பெறும். அடுத்த ஆண்டில் நூற்றுக்கு மூன்றும், மூன்றாம் ஆண்டில் நூற்றுக்கு ஐந்தும் வட்டம் பிடிப்பர். பழைய காசை வாங்கிப் புதுக்காசாக அடித்துத் தரும் உரிமை எவரிடம் இருந்ததோ, அவருக்கு நாட்டில் புழங்கும் ஒவ்வொரு ரூபாயிலும் ஒரு சிறு பங்கு உண்டு என்பது பொருள். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர் ஆகிய மூவரும் கப்பலில் கொணர்ந்த வெள்ளியை இவர்களிடமே விற்றனர். தட்டுப்பாடு வந்தால் இவர்களிடமே கடன் பட்டனர். அக்கால ஆங்கில வரலாற்றாளராகிய ராபர்ட் ஓர்ம், உலகம் அறிந்த வங்கியருள் இவரினும் பெரியவர் இலர் என்னும் கருத்தில் எழுதிவைத்தார்.

இத்தொழில் நடந்த இடமே மகிமாபூர் மாளிகை. அது வெறும் குடியிருப்பு அன்று. கணக்கர் அமர்ந்து பேரேடு எழுதும் கோத்தியும், வெள்ளி வைக்கும் காப்பறைகளும், அரசியலார் வந்து அமரும் கூடமும், பெண்டிர் வாழும் உட்கட்டும், தோட்டமும், குளமும், குடும்பத்தார் வழிபடும் ஜினாலயமும் ஒரே மதிலுக்குள் இருந்தன. ஆற்றின் கரையிலேயே அதனை அமைத்தமைக்குக் காரணம் உண்டு. வங்காளத்தில் அந்நாளில் சாலை என்பது ஆறே. காசிம்பசாரிலிருந்தும் ஹூக்ளியிலிருந்தும் பாட்னாவிலிருந்தும் வரும் படகுகள் வாயிற்படியிலேயே வந்து நிற்கும். பணத்தைக் கொண்டுவந்த அந்த ஆறே பின்னாளில் வீட்டையும் கொண்டுபோயிற்று.

நம் பகுதியில் கல்லுக்குக் குறைவில்லை. திருமலையிலும் மேல்சித்தாமூரிலும் பாறையிலேயே ஜினபிம்பங்களைச் செதுக்கி வணங்கிய மரபு நமது. வங்காளமோ வண்டல் நிலம். தோண்டத் தோண்ட மண்ணே வரும். செங்கல்லும் சுண்ணச் சாந்துமே அங்கே கட்டடப் பொருள். அரசரின் மசூதியாயினும் வணிகரின் மாளிகையாயினும் மெல்லிய செங்கற்களை அடுக்கிக் கட்டி, வளைவுகள் அமைத்து, மேலே சுண்ணம் பூசி மெருகிடுவர். கல் வேண்டுமென்றால் தொலைவிலிருந்து படகிலேயே வரவேண்டும். அத்தகைய நாட்டில் சேட் குடும்பத்தார் தம் பகவான் பார்சுவநாதருக்குக் கருங்கல்லால் கோயில் எடுத்தனர். அக்கல்லை அங்குள்ளோர் கசௌட்டி என்பர். பொன்னை உரைத்து மாற்றுப் பார்க்கும் உரைகல்லுக்கு வழங்கும் பெயர் அது. பகலெல்லாம் நாணயத்தை உரைத்துப் பார்த்தவர்கள், மாலையில் சென்று வணங்கிய கோயிலுக்கு அக்கல்லையே தேர்ந்தனர். கருதிச் செய்ததோ, கிடைத்த கல் அதுவோ, எதுவாயினும் பொருத்தம் வியப்புக்குரியது.

இவர்களுடைய செல்வத்தின் அளவைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 1742 மே மாதத்தில் நவாப் அலிவர்திகான் நகரில் இல்லாத நேரம் பார்த்து, மராட்டியக் குதிரைப்படையை மீர் ஹபீப் என்பவன் முர்ஷிதாபாத்துக்கு அழைத்து வந்தான். சேட் மாளிகை சூறையாடப்பட்டது. எடுத்துச் செல்லப்பட்டது 2 கோடி ரூபாய். அவ்வளவும் ஆற்காட்டு ரூபாய் என்கிறது வரலாறு. இச்செய்தியைப் படிக்கும்போது நம்மவர்க்கு ஒரு கணம் வியப்புத் தோன்றும். வந்தவாசியும் போளூரும் ஆரணியும் சூழ்ந்த நம் ஆற்காட்டின் பெயரைத் தாங்கிய நாணயம், பாகீரதிக் கரையில் கோடிக்கணக்கில் குவிந்து கிடந்தது. ஆற்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமையைப் பிரெஞ்சுக்காரர் 1736-இல் புதுச்சேரிக்குப் பெற்றனர். ஆங்கிலேயர் 1742-இல் சென்னைக்குப் பெற்றனர். அவர்கள் அந்நாணயத்தைக் கப்பலேற்றி வங்காளத்தில் பட்டும் மெல்லிய துணியும் வாங்கினர். அது சுற்றிச் சுற்றி இறுதியில் வந்து தங்கிய இடம் மகிமாபூர். அவ்வளவு போன பின்னும் கோத்தியின் நடவடிக்கையில் குறைவு காணப்படவில்லை. கேட்டவர்க்குக் கேட்ட தொகைக்கு உண்டியல் எழுதித் தரப்பட்டது. அப்போது பொறுப்பில் இருந்தவர் பாட்டனார் பதேசந்த்.

அலிவர்திகான் 1756 ஏப்ரலில் மறைய, அவர் பேரன் சிராஜ் உத் தௌலா ஆட்சிக்கு வந்தான். இளையவன், சினம் மிக்கவன். வணிகர்களிடமிருந்து 3 கோடி திரட்டித் தருமாறு மகதாப் ராயை அவன் பணித்தான் என்றும், மக்கள் மேல் அச்சுமையை ஏற்ற இயலாது என அவர் மறுத்தபோது நிறைந்த அவையில் அவர் கன்னத்தில் அறைந்தான் என்றும் சொல்வர். கட்டாயமாகச் சுன்னத்துச் செய்விப்பேன் என்று அச்சுறுத்தியதாகவும் கூறுவதுண்டு. வென்றவர் பக்கத்தார் எழுதிய செய்திகள் இவற்றுள் மிகுதி என்பதை நாம் மறத்தலாகாது. ஆனால் பாட்டன் காலத்திலிருந்து நவாபுகளே எழுந்து மதித்த குடும்பம், இனித் தன் உயிருக்கும் மானத்துக்கும் அஞ்சி வாழ வேண்டிய நிலைக்கு வந்தது என்பதில் ஐயமில்லை.

அதன்பின் நடந்ததில் மகதாப் ராயின் பங்கை மறைப்பதற்கில்லை. நவாபை மாற்றும் எண்ணத்தோடு முதலில் யார் லுத்பு கான் என்பவனை முன்னிறுத்தியவர்கள் சேட்டுகளே. பின்னர் மீர் ஜாபர் பெயர் வந்தபோது அதற்கும் துணை நின்றனர். காசிம்பசாரில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ழான் லா, நேரில் வந்து அவர்களை மாற்ற முயன்று தோற்றார். பிரெஞ்சுக்காரர் தம்மிடம் பெருங்கடன் பட்டிருந்த நிலையிலும் அவர்கள் ஆங்கிலேயர் பக்கமே நின்றனர். அப்புரட்சிக்கு மூலகாரணர் சேட்டுகளே என்பது லா எழுதி வைத்த குறிப்பின் சாரம். 1757 ஜூன் 23-இல் பிளாசியில் நடந்ததைப் போர் என்பதைவிடப் பேசி முடித்த பேரம் என்பதே தகும்.

ஜூன் 29-இல் கிளைவ் முர்ஷிதாபாத்துக்குள் நுழைந்தான். மறுநாள் அனைவரும் கூடிய இடம் நவாபின் அரண்மனை அன்று, மகிமாபூர் மாளிகை. மீர் ஜாபர் வாக்களித்திருந்த தொகை மிகப் பெரிது: கம்பெனிக்கு மட்டும் 1 கோடி, கல்கத்தா ஆங்கிலேயருக்கு 50 லட்சம், அந்நகர இந்துக்களுக்கு 20 லட்சம், ஆர்மீனியருக்கு 7 லட்சம். கருவூலத்தில் அவ்வளவு பணம் இல்லை. யார் தீர்ப்புச் சொல்வது? சேட்டுகளே சொன்னார்கள். பாதியை உடனே தருவது. மீதியை மூன்றாண்டுகளில் தருவது. அவ்வாறே முடிவாயிற்று. அதே இடத்தில்தான் உமிசந்துக்கு, அவனுக்குக் காட்டப்பட்ட ஒப்பந்தம் போலி, ஒரு காசும் கிடையாது என்று அறிவிக்கப்பட்டது. அவன் நிலைகுலைந்து வீழ்ந்தான். ஒரு வணிகரின் கூடத்தில், ஓர் அரசின் கடன் தீர்க்கப்பட்டது. ஒரு மனிதன் ஏமாற்றப்பட்டான். ஒரு நாடு கைமாறிற்று. வெள்ளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு படகு வரிசை பாகீரதியில் கல்கத்தா நோக்கிச் சென்றது.

இதனைச் சமணக் கண்கொண்டு நோக்கின் என்ன சொல்வது? கையால் கொல்லாதவரை அகிம்சை காத்தோம் என்று இல்லறத்தார் கூறிவிட முடியாது. செய்தல், செய்வித்தல், செய்ததற்கு உடன்படல் மூன்றும் வினையே என்பது நம் ஆசாரியர் வகுத்த நெறி. சிராஜின் உடல் யானை மேல் ஊர்வலமாக வந்தபோது, அதற்கு வழிவகுத்தோருள் ஒருவராக மகதாப் ராயும் இருந்தார். அவரைத் துரோகி என்று ஒரு சொல்லில் தள்ளிவிடவும் எனக்கு உடன்பாடில்லை. தேசம் என்னும் கருத்து இன்றுள்ளதுபோல் அன்று எவரிடத்தும் இல்லை. முன்னர் 1740-இலும் இதே குடும்பம் ஒரு நவாபை வீழ்த்தி அலிவர்தியை ஏற்றியிருந்தது. அப்போது ஆட்சி மாறியதேயன்றி வீடு மாறவில்லை. இம்முறையும் அவ்வாறே நிகழும் என எண்ணினார். அவர் கணக்குத் தவறியது அங்கேதான். இல்லறத்தார் நோன்புகளுள் பொருள் வரைதல் ஒன்று. தனக்கு வேண்டும் பொருளுக்கு ஓர் எல்லை குறித்து, அதற்குமேல் விரும்பாதிருத்தல். இரண்டு கோடி போன அன்றே அக்குடும்பம் அவ்வெல்லையைக் குறித்திருந்தால் அவை நடுவே அறை வாங்கும் நிலையும் வந்திராது. அறைந்தவனை வீழ்த்தும் தேவையும் நேர்ந்திராது. இஃது என் கருத்து, மாறுபடுவோர் இருக்கலாம்.

கம்பெனி நன்றி காட்டிற்று, சில காலம். 1759-இல் மீர் ஜாபருடன் கல்கத்தா சென்ற மகதாப் ராயை நான்கு நாள் விருந்தோம்பிய செலவு 17,000 ரூபாய்க்கு மேல் என்று கணக்கு எழுதி வைத்தனர். ஆனால் அதற்கு முன்னரே, 1757-இலேயே, கல்கத்தாவில் தனக்கென நாணயச்சாலை அமைக்கும் உரிமையைக் கம்பெனி பெற்றுவிட்டது. மகிமாபூரின் வருவாய்க்கு வேரில் வெந்நீர் ஊற்றியது அதுவே. விருந்தில் அமர்ந்திருந்தவர் அதனை உணர்ந்தாரோ, அறியோம்.

மீர் ஜாபரை அகற்றி 1760-இல் மீர் காசிமைக் கம்பெனி நவாபாக்கியது. அவன் ஆங்கிலேயரை எதிர்க்கத் துணிந்து, தலைநகரை முங்கேருக்கு மாற்றிக்கொண்டான். சேட்டுகள் ஆங்கிலேயர் பக்கம் சாய்வர் என்னும் ஐயத்தால், 1763 ஏப்ரலில் உடன்பிறப்புப் போன்ற அவ்விருவரையும் மகிமாபூர் இல்லத்திலிருந்து கைப்பற்றி முங்கேருக்குக் கொண்டு சென்றான். கவர்னர் வான்சிட்டார்ட் எழுதிய கண்டனக் கடிதம் பயன்தரவில்லை. உதுவா நாலாவில் தோற்றபின் மீர் காசிம் சினத்தின் எல்லையில் நின்றான். சிறையிலிருந்தோர் பலர் கொல்லப்பட்டனர். மகதாப் ராயும் ஸ்வரூப்சந்தும் முங்கேர்க் கோட்டையின் மேலிருந்து கங்கையில் தள்ளப்பட்டனர் என்பர் சிலர். பார் என்னும் ஊரருகே வாளால் வெட்டுண்டனர் என்பர் சிலர். எவ்வாறாயினும் அவர்கள் மாளிகைக்குத் திரும்பவில்லை.

எஞ்சியவர் மகதாப் ராயின் மகன் குஷால்சந்தும், ஸ்வரூப்சந்தின் மகன் உத்வத்சந்தும். கம்பெனிக்காகவும் மீர் ஜாபருக்காகவும் தந்தையர் கொடுத்த கடனை அவர்கள் திருப்பிக் கேட்டனர். கிளைவ் அவர்களுடைய கோரிக்கையில் ஒரு பகுதியையே ஏற்றான். 18 வயதில் குஷால்சந்த் கம்பெனியின் வங்கியராகவும் ஜகத் சேட்டாகவும் ஆனார். ஆண்டுக்கு 3 லட்சம் உதவித்தொகை தருவதாகக் கிளைவ் சொன்னபோது, தம் செலவே மாதம் 1 லட்சம் என்று கூறி அதனை மறுத்துவிட்டார் என்பது குடும்பத்தார் வழிவந்த செய்தி. 1770-இன் கொடும்பஞ்சம் வங்காளத்தைச் சுடுகாடாக்கியது. 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் கருவூலத்தைக் கல்கத்தாவுக்கு மாற்றினான். அன்றோடு மகிமாபூர்க் கோத்திக்கு வேலை இல்லாமற்போயிற்று.

ஆனால் இந்தக் குஷால்சந்தே நம் நன்றிக்குப் பெரிதும் உரியவர். 1752-இல் பேரரசர் அகமது ஷா பாரசநாத மலையை மகதாப் ராய்க்கு மானியமாக அளித்திருந்தார். 20 தீர்த்தங்கரர்கள் வீடுபேறு எய்திய அம்மலையில் எந்தச் சிகரம் எவர்க்குரியது என்பது காடு மூடி மறைந்து கிடந்தது. தந்தை கொலையுண்டு ஐந்தாண்டுகளே ஆன நிலையில், ஏறத்தாழ இருபது வயது இளைஞராகிய குஷால்சந்த் அத்திருப்பணியை மேற்கொண்டார். பத்மாவதி தேவி கனவில் தோன்றி, குங்குமப்பூவால் இட்ட சுவஸ்திகம் காணப்படும் இடங்களே அவை என்று உணர்த்தியதாக மரபு கூறும். டோங்குகள் எழுந்து திருப்பாதங்கள் நிறுவப்பெற்ற விக்ரம ஆண்டு 1825, அதாவது கி.பி. 1768. சிகர்ஜி பற்றிய வழக்குகளும் பிணக்குகளும் பின்னாளில் எத்தனையோ வந்தன. அவற்றுள் எந்தப் பக்கம் நின்றாலும், அப்பாதங்களைத் தேடிக் கண்டு நிறுவியவரை மறப்பது முறையன்று. மகிமாபூர் வீழ்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் மதுவனத்து மலையில் இப்பணி நடந்தது.

குஷால்சந்த் 39 வயதில் மறைந்தார். பெருஞ்செல்வத்தைப் புதைத்து வைத்ததாகவும், இடத்தைச் சொல்லுமுன் உயிர் பிரிந்ததாகவும் ஒரு கதை உண்டு. வீழ்ந்த பெருங்குடும்பம் ஒவ்வொன்றுக்கும் இத்தகைய புதையல் கதை ஒன்று இருப்பதைக் காண்கிறோம். அடுத்து வந்த ஹரக்சந்த் மகப்பேறின்றி வருந்தி, ஒரு துறவியின் சொற்கேட்டு வைணவம் தழுவினார். அவர் பேரன் கோவிந்த்சந்த் நகைகளை விற்று வாழ்ந்து, முடிவில் கம்பெனி அளித்த மாதம் 1,200 ரூபாயில் காலம் தள்ளினார். அவருடைய முன்னோர்க்கு அத்தொகை ஒரு நாழிகைச் செலவு.

மாளிகையை இடித்தவர் எவருமில்லை. பாகீரதி ஆண்டுக்கு ஆண்டு கரையை அரித்தது. வண்டல் மண்மேல் நின்ற செங்கற் சுவர்கள் அடியில் மண் சரியச் சரிய, கூடம் கூடமாக ஆற்றுள் இறங்கின. பழுது பார்க்கப் பொருளில்லை; பொருளிருந்தாலும் ஆற்றை மறிக்க வழியில்லை. எஞ்சியதை 1897 ஜூன் 12-இல் நேர்ந்த பெரும் நிலநடுக்கம் குலைத்தது. பெரும்பகுதி நீரில் போக, கருங்கல் தூண்களைக் கொண்ட பார்சுவநாதர் ஆலயமும், பின்னாளைக் கட்டடங்கள் சிலவுமே மிஞ்சின. ஜகத் சேட் இல்லம் என்னும் பெயரில் அங்கே இன்று ஒரு சிறு காட்சியகம் உள்ளது. பழைய நாணயங்களையும் மஸ்லின் துணியையும் நிலவறையையும் காட்டுகின்றனர். 1757 ஜூன் 30-இல் அனைவரும் கூடிய கூடத்தைக் காண விரும்புவோர் ஆற்றைத்தான் காண இயலும்.

சிகர்ஜி, சம்பாபுரி, பாவாபுரி யாத்திரை முடித்துக் கல்கத்தா வழியாகத் திரும்பும் நம்மவர்க்கு முர்ஷிதாபாத் எட்டாத் தொலைவன்று. ஹசார்துவாரி அரண்மனையைக் கண்டபின் வடக்கே சிறிது தூரம் சென்றால் மகிமாபூர். அசீம்கஞ்சிலும் ஜியாகஞ்சிலும் உள்ள ஜினாலயங்களையும் அதே பயணத்தில் தரிசித்து வரலாம்.